செட்டிநாட்டு வீட்டை ஒரு நாள் திறந்து காட்டும்போது கூலிக் கணக்கையும் காட்டுவது எப்படி?

கேள்வி இதுதான்: காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் பங்காளிகள் சேர்ந்து பூர்வீக வீட்டை ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட நினைக்கிறார்கள். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று அடுக்கி ஆளை மலைக்க வைத்து அனுப்புவதோடு நிற்க அவர்களுக்கு விருப்பமில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, வீட்டைக் கட்டிய கைகளுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

முதலில், செய்யக்கூடாத ஒன்று. வீட்டின் பின்பகுதியான கடைசிக் கட்டில் ஓர் இருட்டறையைப் பிடித்து "உழைப்பாளர் கண்காட்சி" என்று பலகை மாட்டாதீர்கள். முற்றத்தைச் சுற்றிய வளவையும் பட்டாலைக் கூடத்தையும் பார்த்து முடித்த கூட்டம் அங்கே வருவதற்குள் பசித்துப் போயிருக்கும். கூலிக் கதையை அதனதன் இடத்திலேயே சொல்லுங்கள். தரையின் கதையைத் தரையில் நின்றும், சுவரின் கதையைச் சுவரைப் பார்த்தும், தூணின் கதையைத் தூணடியிலும் சொல்ல வேண்டும்.

தரையிலிருந்து தொடங்குவது நல்லது. அதைச் செய்யும் பட்டறைகள் இன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆளையே வரவழைத்துச் செய்து காட்டச் சொல்லலாம். தரையில் பதித்திருக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் பூ வேலைப்பாட்டுக்கான தகட்டு அச்சை இறக்குவார்கள். சிமென்டும் நைஸான மணலும் நிறப்பொடியும் கலந்த கூழைச் சிறு கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் பார்த்து ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்கிவிடுவார்கள். மேலே உலர்ந்த சிமென்ட்–மணல் கலவையைத் தூவினால் அது கூழின் ஈரத்தை உறிஞ்சி இறுக்கும். அதற்கும் மேல் ஈரச் சாந்தை நிரப்பி மட்டம் தட்டி ஓரமாக வைப்பார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். எத்தனை நாள் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். ஒரு வாரத்துக்குக் குறைந்தால் நல்லதில்லை. ஊறிக் காய்ந்த பிறகுதான் கண்ணாடி விடுபடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி முகத்தின் வார்ப்பு. இயந்திர மெருகு எதுவும் அதில் இல்லை.

இங்கேதான் ஒரு நாள் நிகழ்ச்சிக்காரர்கள் தவறுவார்கள். காலையில் ஊற்றிய கல்லை மாலையில் எடுத்துக் காட்ட முடியாது. ஆகவே மூன்று நிலைகளைத் தயாராக வைத்திருங்கள்: அன்று ஊற்றும் கல், முந்தைய நாள் ஊற்றியது, ஊறிக் காய்ந்து கண்ணாடி இன்னும் எடுக்காதது. மூன்றாவதை வந்தவர்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னால் கூட்டம் அங்கேயே நிற்கும். கெட்டுப்போன கற்களையும் ஐந்தாறு கேட்டு வாங்கி வையுங்கள். கைவேலை என்பதன் பொருள் அவற்றில்தான் தெரியும். கூழில் தண்ணீர் கூடினால் அச்சைத் தூக்கியதும் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். அச்சைச் சாய்த்துத் தூக்கினால் கோடு கிழியும். கண்ணாடியில் தூசி இருந்தால் முகத்தில் குழி விழும். உலர் கலவை போதாவிட்டால் மேல்படலம் பின்னாளில் தனியாகப் பெயரும். ஊறல் குறைந்தால் கல் சுண்ணாம்புபோல வெளிறும். பல பட்டறைகளில் கூலி கல் கணக்கில்தான். கெட்ட கல்லின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்று செய்பவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் பக்கத்தில் நிற்காதபோது கேட்டால் பதில் நேராக வரும்.

பிறகு கணக்கு. 8 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 225 வேண்டும். 10 அங்குலம் என்றால் 144. 12 அங்குலம் என்றால் 100. 60 அடிக்கு 20 அடி கல்யாணக் கொட்டகைக்கு 8 அங்குலக் கல் 2,700. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 2,835. உங்கள் கொட்டகையின் நீள அகலத்தை டேப் பிடித்து அளந்து, வந்திருக்கும் பிள்ளைகளையே பெருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லிலும் நாலைந்து நிறம் என்றால் கரண்டி எத்தனை முறை சாய்ந்திருக்கும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். "எவ்வளவு அழகு" என்று மட்டும் பார்த்த கண் அதற்குப் பிறகு தரையை வேறு மாதிரி பார்க்கும்.

அடுத்து சுவர். "முழுச் சுவரும் முட்டை வெள்ளைக்கரு" என்று வழிகாட்டிகள் அடித்துவிடுவதை முதலில் நிறுத்துங்கள். அடியில் இருப்பது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதன்மேல் கரடான பூச்சில் தொடங்கி, படிப்படியாக நைஸாகி, கடைசி மெல்லிய பூச்சில்தான் வெண்கரு சேர்க்கும் வழக்கம். மற்ற பூச்சுகளில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லம் அல்லது கருப்பட்டித் தண்ணீரும் போகும். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு செக்கில் போட்டு மாடு பூட்டி அரைத்து, கடைசிப் பூச்சுக்கு வேண்டியதை அம்மியில் வெண்ணெய்ப் பதத்துக்கு மறுபடி அரைப்பார்கள். பூசியபின் வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்க ஈரம் வெளியே வரும். அதைத் துணியால் ஒற்றி மறுபடி தேய்க்க வேண்டும். இதில் பெரும்பகுதி, அதாவது அரைப்பது, சுமப்பது, தண்ணீர் இறைப்பது எல்லாம் சித்தாள் வேலை. கொத்தனாருக்குக் கீழே நிமிந்தாள், அவருக்குக் கீழே சித்தாள் என்ற கூலிப் படிக்கட்டு இன்றைய கட்டட வேலையிலும் அப்படியே இருக்கிறது. பெண்ணுக்கு எப்போதும் கடைசிப் படிதான். சுவரின் பளபளப்பில் நேரம் அதிகம் போட்டவர் கூலி குறைவாக வாங்கியவர் என்பதை இந்த ஓர் இடத்தில் சொன்னால் போதும்.

இதைச் செய்து காட்டுவதென்றால் சுண்ணாம்பை அன்று நீற்றாதீர்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஒரு வாரம் முன்பே நீற்றி ஊறவைத்ததைத் தொட்டியில் கொண்டுவாருங்கள். தேய்க்கிறவருக்குக் கையுறை, கண்ணாடி; பிள்ளைகளுக்கு ஒரு கயிறு தூரம். மூன்றடிக்கு மூன்றடிப் பலகையில் பாதி மட்டும் தேய்த்து மெருகேற்றி, மறுபாதியைத் தேய்க்காமல் விடுங்கள். திறப்பு விழாவுக்காக அவசர அவசரமாக உதிர்ந்த இடங்களில் சிமென்ட் பூசி எமல்ஷன் அடிப்பதும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் மூடினால் ஈரம் பக்கத்தில் புகுந்து, உப்புப் பூத்து, நன்றாக இருந்த பழைய பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும். உதிர்ந்த இடம் உதிர்ந்தபடியே இருக்கட்டும். உள்ளே எத்தனை பூச்சு என்று காட்ட அதைவிட நல்ல படம் கிடைக்காது.

இனித் தூண்களும் கதவு நிலைகளும். இங்கே கதை ஊரை விட்டுக் கடல் தாண்டுகிறது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காட்டில் மரத்தின் அடியைச் சுற்றி வளையமாகப் பட்டையை வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டுப் பிறகுதான் சாய்த்தார்கள். யானைகள் ஓடைக்கு இழுத்து வரும். மழைக்கால வெள்ளம் ஆற்றுக்குக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து தெப்பமாகக் கட்டி இரங்கூனுக்கு. பெரிய காடுகள் பாம்பே பர்மா போன்ற ஆங்கிலேயக் கம்பெனிகளின் கையில் இருந்தன. காட்டில் பாகர்கள், துறைமுகத்தில் மேஸ்திரிகள் கூட்டிவந்த தெலுங்குக் கூலிகள். 1930 மே மாதம் இரங்கூன் துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது பர்மியரை மாற்றாளாகச் சேர்த்தார்கள். நிறுத்தம் முடிந்ததும் அந்தப் பர்மியரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து வெடித்த கலவரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். தூணைத் தடவிப் பார்க்கும் ஒருவருக்கு இதை மூன்று வரியில் சொல்லலாம்.

தேக்கு வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நெல்லிலிருந்து. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டா அரிசிக் களஞ்சியமாயிற்று. காடு வெட்டி வயலாக்கிய குடியானவனுக்கு மாடும் விதையும் கூலியும் வாங்கக் கடன் வேண்டும். அதைப் பெரும்பாலும் கொடுத்தவர்கள் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள். 1929–30இல் அங்கே நடந்த வங்கி விசாரணையின் அறிக்கை சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகளையும் 75 கோடி ரூபாய் முதலையும் மதிப்பிட்டது. 1930இல் நெல் விலை பாதிக்கு விழுந்தது. கடன் கட்ட முடியாமல் நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தாரிடம் இருந்த வயல் நூற்றுக்கு 6. 1938க்குள் அது 25 ஆயிற்று.

இந்த 6–25ஐ ஒரு பலகையில் பெரிதாக எழுதி வளவின் நடுத்தூணில் மாட்டலாம். பங்காளிகளில் யாராவது முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல நியாயமான பதில் உண்டு: நிலத்தைப் பிடுங்குவதற்காக அவர்கள் கடன் கொடுக்கவில்லை. வட்டிக்கடைக்காரனுக்கு வேண்டியது ரொக்கம். விலை விழுந்த வயலை வைத்து அவன் என்ன செய்வான்? அவர்கள் முதலிலும் ஒரு பங்கு ஆங்கிலேய வங்கிகளின் கடன். அரிசி ஆலை, கப்பல், ஏற்றுமதி லாபம் எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகளுக்குப் போனது. இதையும் அதே பலகையில் எழுதுங்கள். ஆனால் இதை எழுதுவதற்காக 25ஐ அழிக்காதீர்கள். நிலம் போன குடியானவனுக்கு யார் எந்த நோக்கத்தில் வாங்கினார்கள் என்பதால் ஒன்றும் மாறவில்லை.

கடைக்குள்ளேயும் மேல் கீழ் இருந்தது. ஊரில் முதலாளி, கடல் கடந்த கடையை நடத்தும் மேலாள், அவருக்குக் கீழ் உதவிக்கு அடுத்தாட்கள், கடைசியில் எடுபிடியான பெட்டியடிப் பையன், சமையலாள். மூன்றாண்டு ஒப்பந்தம் வழக்கம். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரிலேயே. முகப்பில் மாட்டியிருக்கும் படங்களில் முதலாளி மட்டும் இருப்பார். பழைய குழுப் படம் ஏதாவது இருந்தால் பின்வரிசையில் நிற்கும் அடுத்தாட்களின் பெயரை வயதான ஆச்சிமாரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏடுகள்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து. மரப்பெட்டியிலோ மச்சிலோ வீடு கட்டிய கணக்கு கிடந்தால் அசலை வெளியே வைக்காதீர்கள். நகல் எடுத்து, பெரிதாக்கி மாட்டுங்கள். படிப்பதில் மூன்று கண்ணிகள் உண்டு. தமிழ் எண்கள் எழுத்துப் போலவே இருக்கும்: ௧ என்பது க, ௨ என்பது உ, ௭ என்பது எ, ௮ என்பது அ. சொல்லோடு ஒட்டி வந்தால் எண்ணா எழுத்தா என்று தடுமாறும். இரண்டாவது, பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறி உண்டு: ௰, ௱, ௲. பூஜ்யம் இல்லாமல் எழுதிய தொகையை இக்காலக் கண்ணால் படித்தால் மதிப்பு மாறிவிடும். மூன்றாவது, ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். "பிரபவ" என்றிருந்தால் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். ஏட்டில் மின்சாரக் கம்பியோ ரயில் கூலியோ வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொகை ரூபாய், அணா, பை வரிசையில் வரும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா.

தொகையை இன்றைய ரூபாய்க்கு மாற்றிக் காட்டும் ஆசை வரும். வேண்டாம். எந்த விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு மாற்றினாலும் சண்டை வரும், கேட்பவருக்கும் ஒன்றும் பிடிபடாது. அதே ஏட்டில், அதே மாதத்தில் கொடுத்த கூலியால் பொருளின் விலையை வகுத்து நாள் கணக்காகச் சொல்லுங்கள். விளங்குவதற்காக ஒரு கற்பனை எண்: சரவிளக்கு 240 ரூபாய், சித்தாள் கூலி நாளுக்கு 4 அணா என்றால் ஒரு ரூபாய்க்கு 4 நாள் வேலை, விளக்கின் விலை 960 நாள். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் மூன்று ஆண்டுக்கு மேல், அதுவும் சாப்பிடாமல். உங்கள் ஏட்டின் உண்மையான எண்களைப் போட்டு ஐந்து பொருளுக்கு இப்படிச் செய்து, அந்தந்தப் பொருளின் அடியில் சிறு அட்டையாக வையுங்கள். நெல்லாகக் கூலி கொடுத்த பதிவு இருந்தால் படிக் கணக்கிலேயே விடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: தேக்கு விற்றவர் பெயர் ஏட்டில் இருக்கும், வண்டிக்காரர் பெயர்கூட இருக்கும், கூலிக்காரர் "ஆள் 12" என்று மட்டும் இருப்பார். மொத்தமாகப் பேசிக் கொத்துக்கு விட்ட வேலை என்றால் அந்த 12ம் இருக்காது.

வாசல்களையும் சும்மா விடாதீர்கள். இந்த வீடுகள் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை என்று நேர்கோட்டில் ஆறேழு கதவு நிலைகள். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு கட்டியவர்களில் எத்தனை பேர் திண்ணையைத் தாண்டியிருப்பார்கள் என்பது சாதியும் வேலையும் தீர்மானித்த விஷயம். பார்வையாளர்களை முன்வாசலில் விட்டுப் பின்வாசலில் வெளியேற்றுங்கள். நெரிசலும் குறையும், வேலைக்காரர்கள் நடந்த வழியும் தெரியும்.

இன்றைய கூலியைப் பேசாமல் அன்றைய கூலியை மட்டும் பேசினால் நிகழ்ச்சி பொய்யாகிவிடும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீட்டைக் கூட்டிப் பெருக்கி வௌவாலை விரட்டிக் காப்பாற்றுபவர் ஒரு காவலாளும் அவர் மனைவியும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பல வீடுகள் விடுதிகளாயின. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி 2024–25இல் நாளுக்கு 319 ரூபாயாக இருந்தது. ஒரு பாரம்பரிய விடுதி இரவுக்கு 9,500 ரூபாய் வாங்கினால் அது கிட்டத்தட்ட 30 நாள் கூலி. சரவிளக்குக்குப் போட்ட அதே வகுத்தல்தான், சும்மா போட்டுப் பாருங்கள்.

ஆகவே பட்ஜெட்டில் முதல் வரி ஆட்கூலியாக இருக்கட்டும். கல் ஊற்றுபவர், சுண்ணாம்பு அரைப்பவர், ஆசாரி எல்லோருக்கும் வழக்கமான நாள் கூலிக்குக் குறையாமல், சாமான் ஏற்றி இறக்கும் முந்தைய நாளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். பொன்னாடை கூலி ஆகாது. கல் கணக்கில் சம்பாதிப்பவர் அன்று கூட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே செய்வதால் கல் பாதிகூடத் தேறாது. அதை ஈடுகட்ட வேண்டும். காவலாளின் மனைவியை அன்று கழிப்பறை கழுவ மட்டும் நிறுத்தாதீர்கள். எந்தக் கதவு எப்படித் திறக்கும், எந்த அறையில் எப்போது ஒழுகியது என்று எந்தப் பங்காளியையும்விட அவருக்குத் தெரியும். வளவில் நின்று பேசச் சொல்லி, அதற்கும் பணம் கொடுங்கள்.

மற்ற ஏற்பாடுகள் சுருக்கமாக. எல்லாப் பங்காளிகளின் எழுத்துச் சம்மதமும் ஒரு மாதம் முன்பே வேண்டும். ஒரு புள்ளி, அதாவது பங்குள்ள ஒரு குடும்பம், மறுத்தால் அவர்கள் அறையைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறக்கலாம். ஒரு தடவைக்கு 25 பேர், அரை மணிக்கு ஒரு குழு. மாடியைத் திறக்காதீர்கள்: மரப் படியும் கட்டையும் கரையான் தின்றிருப்பது மேலே தெரியாது. ஐப்பசி மழையில் வைத்தால் வளவின் நான்கு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். முற்றத்து வடிகாலை முந்தைய வாரமே ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். அடைத்திருந்தால் பட்டாலைக்குள் தண்ணீர் ஏறிவிடும். கைப்பை, தண்ணீர்ப் பாட்டில் சுவரில் சாயாமல் இரண்டடிக்குக் கயிறு.

கூட்டம் போனபிறகு தரையைக் கழுவும்போது ஆசிட், பாத்ரூம் கிளீனர் எதுவும் தொடக்கூடாது. ஒரே தடவையில் மெருகு போய்விடும், திரும்ப வராது. வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் தேய்த்தால் போதும். இரண்டு பேருக்கு அரைநாள் வேலை. அந்தக் கூலியையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.